பதினோராவது புகார்

நெட் கம்பெனி லைன்காரருக்கு அன்றைக்குப் பத்து வீடு முடிந்திருந்தது. இன்டர்நெட் வரவில்லை என்று வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிறவர்களில் பாதிப் பேர் ரவுட்டருக்குச் சுவிட்சே போட்டிருக்க மாட்டார்கள். படியேறிப் படியிறங்கியே முழங்கால் தேய்ந்த மனிதர், கொட்டாவி விட்டபடி போனில் பதினோராவது புகாரைத் திறந்தார். விலாசத்தைப் பார்த்ததும் கொட்டாவி பாதியில் நின்றது. அவர் வீடுதான்.

புகார் கொடுத்தவள் அவர் மனைவி. வேலையை விட்டுப் பதினாறு வருஷம் கழித்து ஒரு கம்பெனி அவளை நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தது. ஐந்து மணிக்கு, வீடியோவில். அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது நாலே முக்கால். அதற்கென்றே அவள் வாங்கிய பழைய லேப்டாப்பில் வைஃபை குறி தெரிகிறது, இன்டர்நெட் மட்டும் இல்லை. டிவியும் மற்ற போன்களும் ஜோராக ஓடுகின்றன.

"இதுக்குப் போய் ஆபீஸுக்கு போன் பண்ணுவியா? என்கிட்ட சொல்லக்கூடாதா?"

"மூணு நாளா சொன்னேன். களைப்பா இருக்குன்னு திரும்பிப் படுத்துட்டீங்க. புகார்னா வந்துதானே ஆகணும்?"

அவர் ரவுட்டரின் ஃபயர்வால் பக்கத்தைத் திறந்தார். தடுக்கப்பட்ட கருவிகளில் ஒரே ஒரு பெயர், யாரோ ஒரு ஆணின் பெயர். அவருக்குப் பகீரென்றது. ஞாயிற்றுக்கிழமை அதே பெயரைப் பார்த்து, மாடி வீட்டுக்காரர்தான் வைஃபையைத் திருடுகிறார் என்று தடுத்தவர் அவரேதான். அந்த மனிதரைப் படிக்கட்டில் நிறுத்தி நாலு வார்த்தை கேட்டும்விட்டார். லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தால் அதிலும் அதே பெயர்; விற்றவன் தன் பெயரை மாற்றாமல் விட்டிருக்கிறான். தெரியாத பெயரைத் தடுக்கும் முன் வீட்டில் கேளுங்கள் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவர் இவர்!

தடையை நீக்கியபோது ஐந்துக்கு மூன்று நிமிஷம். அவள் லேப்டாப்போடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

புகாரை முடிக்கப் பழுதின் காரணத்தைப் பதிய வேண்டும். பழக்க தோஷத்தில் விரல் 'வாடிக்கையாளர் தவறு' என்ற இடத்துக்கே போனது. அதற்கு மேலே, அவள் சொன்னதை ஆபீஸ் பெண் அப்படியே அடித்து வைத்திருந்தாள்: 'கணவருக்கு இதே வேலைதான். ஆனால் எனக்காக மட்டும் அவருக்கு நேரம் இல்லை.'

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கதவுக்குப் பின்னால் அவள் குரல் தெளிவாக, தைரியமாகக் கேட்டது. அந்தக் குரலைக் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று நினைத்துக்கொண்டார். சர்வீஸில் முதல் தடவையாக 'ஊழியர் தவறு' என்பதை அழுத்தினார்.

பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மாடி வீட்டுக்காரரைப் பார்க்க இன்னும் ஒரு மாடி ஏற வேண்டியிருந்தது.