உலகத்துக்கே ஒரே இடிமுழக்கம்

டீயின் முதல் வாயை அவர் மைக்குக்கு முன்னால்தான் உறிஞ்சுவார். "ஸ்ர்ர்ர்" என்று தெருமுனை வரைக்கும் கேட்கும். "பேஸ் நல்லா இருக்கு" என்று தனக்குத்தானே சான்றிதழ் கொடுத்துவிட்டு மீதியைக் குடிப்பார். கல்யாணம், பள்ளி விளையாட்டு விழா, பொதுக்கூட்டம் என்று எதற்கும் ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுப்பது தொழில். கடை வாசலில் வைத்துப் பேசிப் பார்க்காமல் ஒரு பெட்டியையும் வெளியே அனுப்பமாட்டார். தெருவில் அவருக்குப் பெயர் தம்பி மைக்.

தம்பி என்று ஒருவர் இருந்தால் அண்ணன் இருக்க வேண்டுமே. அண்ணன் மைக் எதிர்வரிசையில் இருக்கிறார். நடுவில் ஒரு லாரி போகிற அகலம்தான். போன வருடம் வரைக்கும் ஒரே கடை, 'இடிமுழக்கம் சவுண்ட் சர்வீஸ்'. ஒரு கல்யாண மண்டபத்தில் தம்பி மைக் மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்கிறேன் என்று ஆரம்பித்து, தன் சொந்தக் கல்யாணக் கதைக்குள் போய்விட்டார். அண்ணன் பேசாமல் வால்யூமை அடியோடு குறைத்துவிட்டார். "நான் வாயசைக்கிறேன், ஒரு சத்தமும் வரல. தொட்டி மீனு மாதிரி நின்னேன்" என்று இன்றைக்கும் வாயைத் திறந்து மூடிக் காட்டுவார். அதோடு பாகப்பிரிவினை. ஆளுக்குப் பாதிப் பெட்டி. ஒயரைக்கூட நடுவில் நறுக்கிக்கொண்டார்கள். பெயரை மட்டும் இரண்டு பேருமே விடவில்லை. தெருவின் இந்தப் பக்கம் ஒரு இடிமுழக்கம், அந்தப் பக்கம் ஒரு இடிமுழக்கம்.

பேச்சுவார்த்தை கிடையாது என்று இருவரும் அடித்துச் சொல்வார்கள். சுத்தப் பொய். மைக் சோதிக்கிற சாக்கில் தினமும் பேசிக்கொள்கிறார்கள்.

"ஹலோ, செக் செக். அண்ணிக்குக் காய்ச்சல் எப்படி இருக்கு, செக்" என்று இங்கிருந்து போகும். சற்று நேரத்தில் எதிர்ப்பெட்டி கரகரக்கும். "டெஸ்டிங், டெஸ்டிங். ஊசி போட்டாச்சு. சில பேரு வண்டிய அடுத்தவன் வாசல்ல குறுக்க நிறுத்துறாங்க, டெஸ்டிங்." தம்பி மைக் ஒன்றும் நடக்காதது போலப் போய் வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு வருவார். மாடியில் குடியிருக்கும் எங்கள் வீட்டில் ரேடியோ தேவைப்பட்டதே இல்லை.

இப்போது அவருக்கு இணையதள ஆசை பிடித்திருக்கிறது. பள்ளி முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் என்னை லேப்டாப்போடு கூப்பிட்டுக் கடையில் உட்கார வைத்தார். முதலில் ஒரு முகவரிப் பெயர் வேண்டும், அதைத்தான் டொமைன் என்கிறார்கள் என்றேன்.

"அத வாங்கிட்டா கடை வந்துருமா?"

"பேர் மட்டும்தான் மாமா. பக்கத்தைத் தனியா செய்யணும். அதை வைக்க இடமும் தனியா புடிக்கணும்."

"அப்ப போர்டைக் கையில புடிச்சுக்கிட்டு நடுரோட்டுல நிக்கச் சொல்றே."

வாங்குவது என்று பேச்சுக்குச் சொன்னாலும் அது வாடகை மாதிரிதான், கெடு முடிவதற்குள் புதுப்பிக்காவிட்டால் கையைவிட்டுப் போய்விடும் என்றதும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஊருக்கே வாடகைக்கு விடுறவன் நான். என்கிட்டயே வாடகையா?"

இடிமுழக்கம் டாட் காம் இருக்கிறதா என்று தேடினேன். யாரும் எடுக்கவில்லை. நாற்காலியோடு துள்ளினார். துள்ளியவர் அப்படியே நிதானித்தார்.

"நான் எடுத்துட்டா எதிர்ல இருக்கறவரு?"

"அவரால அதை எடுக்க முடியாது. உலகத்துக்கே ஒண்ணுதான். முதல்ல கேக்கறவங்களுக்கு."

"நம்ம தெருவுலயே ரெண்டு இருக்கே!"

"தெரு பொறுத்துக்கும் மாமா. இன்டர்நெட் பொறுக்காது."

கடைசியில் டாட் நெட் என்று போட்டால் அது வேறு முகவரி, அண்ணனுக்கு அது கிடைக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். "நெட்டுன்னா கொசுவலைக்காரன் எடுக்கட்டும். எல்லாரும் காம்னுதானே அடிப்பாங்க? அவரைத் தேடி வர்றவனெல்லாம் என் வாசல்ல வந்து நிப்பான்" என்று முறைத்தார்.

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "எடுத்துப் போடுங்க. அவங்களுக்குத் தோணல, நமக்குத் தோணிச்சு. இதுல என்ன தப்பு?"

"நீ சும்மா இரு. பெட்டின்னா பாதி, ஒயருன்னா பாதி. இதை எங்க வச்சு நறுக்க?"

அதற்குப் பிறகு காலையும் மாலையும் மாடிப்படியில் நின்று "இன்னும் இருக்கா?" என்று கேட்பதே வேலையாகிவிட்டது. நடுநடுவே வேறு பெயர்களை மைக்கில் சொல்லிப் பார்த்தார். 'ஜூனியர் இடிமுழக்கம்' என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். 'மின்னல் சவுண்ட்' என்று நான் எடுத்துக் கொடுத்தேன். "மின்னலுக்கு ஏதுப்பா சத்தம்?" என்றார்.

நேற்று கடையில் உட்கார்ந்திருந்தபோது நானும் பொறுமை இழந்துவிட்டேன். "இன்னும் இருக்கு மாமா. ஆனா எங்கயோ உக்காந்திருக்கிற எவனாவது எடுத்துட்டா உங்க ரெண்டு பேருக்குமே இல்ல" என்றேன். அவர் கடை வாசல் வரைக்கும் போய் எதிர்க்கடையைப் பார்த்தார். பிறகு மைக்கை எடுத்தார்.

"ஹலோ, செக் செக். இடிமுழக்கம் டாட் காம் காலியா இருக்கு, செக். உலகத்துக்கே ஒண்ணுதானாம். மொத ஆளுக்குத்தானாம், செக்."

பக்கத்துக் கடைத் தையல் மெஷின் நின்றது. உள்ளே அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். எதிர்க்கடையில் அண்ணன் மகள் போனைக் கையில் எடுப்பது எனக்குத் தெரிந்தது. அவள் நினைத்தால் நிமிடத்தில் முடித்துவிடலாம். தம்பி மைக்கும் அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

எதிர்ப்பெட்டி கரகரத்தது. "டெஸ்டிங். பொண்ணு பாத்துட்டா. நெசந்தானாம்." ஒரு இருமல். "நமக்கு அந்தக் கருமமெல்லாம் வெளங்காது. சொன்னவங்களே எடுத்துக்கட்டும். மொதப் பக்கத்துல ரெண்டு கடை நம்பரும் இருக்கணும், டெஸ்டிங். என் நம்பரு மேல."

"அதெப்படி மேல, செக்?"

"மூத்தவன், டெஸ்டிங்."

தம்பி மைக் பதிலுக்கு வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பெயரைப் பதிவு செய்யப் போனதும், எத்தனை காலத்துக்கு வேண்டும் என்று லேப்டாப் திரை கேட்டது. ஒரு வருடம் என்று அதுவாகவே குறித்திருந்தது.

"ஒரு தடவைக்கு எவ்ளோ வரைக்கும் தருவான்?"

"மிஞ்சிப் போனா பத்து வருஷம் மாமா."

என் கையை விலக்கிவிட்டு, திரையைத் தன் பக்கம் திருப்பி, பத்தை அவரே அழுத்தினார்.