முப்பத்தொரு பேர் ஏறும் பஸ்

செமிலிங்கிலிருந்து பீடோங் போகும் சாலையில் ஒரு கிலோமீட்டர் நடந்த பிறகுதான் காலில் ஆபீஸ் சிலிப்பர் கிடப்பதைப் பார்த்தேன். என் காலணி பஸ் கம்பெனி வாசலில் கிடந்தது. திரும்பிப் போய் எடுக்கும் எண்ணமில்லை. வேலையை விட்டு நடப்பது எனக்குப் புதிதல்ல. மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டதும் இப்படித்தான். பிறகு கூலிம், பட்டர்வொர்த், ஜொகூர் வேலைகளை விட்டதும். ஆனால் இந்த முறை ஒரு காரியத்தை உடைத்துவிட்டு வந்திருந்தேன்.

அந்தக் கம்பெனியின் மூன்று பஸ்கள் கையுறை பாக்டரிக்கு ஆள் ஏற்றுகின்றன. ஷிப்டு மாறிக்கொண்டே இருக்கும். அதனால் தினமும் மாலை ஆறு மணிக்கு, மறுநாள் பஸ் எந்த சிம்பாங்கில், அதாவது எந்தச் சாலைச் சந்தியில், எத்தனை மணிக்கு நிற்கும் என்று ஒவ்வொருவர் போனுக்கும் செய்தி போகும். செய்தி வராவிட்டால் மறுநாள் வேலை இல்லை என்று பொருள். அந்தச் செய்தி அமைப்பைக் கிளவுட்டில் கட்டியவன் நான்.

அந்த வேலையை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எங்கோ இருக்கும் கணினிகளை வாடகைக்கு எடுத்து, அவை எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதினால், அப்படியே எழுந்து நிற்கும். எனக்கு நானே சில சட்டங்கள் போட்டிருந்தேன். எதையும் நகலெடுத்து ஒட்டக்கூடாது, ஒவ்வொரு எழுத்தையும் கையால் அடிக்க வேண்டும். காலை ஏழு மணிக்குப் பயிற்சிக்காக ஓர் அமைப்பைக் கட்டுவேன். மதியச் சாப்பாட்டுக்கு முன் அதை முழுக்க இடிப்பேன். மறுநாள் திரும்பக் கட்ட முடியாவிட்டால் முந்தின நாள் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை என்று அர்த்தம். மூன்று வருடம், காய்ச்சலிலும் தீபாவளியிலும் இடித்தேன். இடிக்கும் கட்டளையைக் கொடுத்தால் 'நிச்சயமா?' என்று கணினி கேட்கும். என் விரல் பதில் அடித்த பிறகுதான் கண் அதைப் படிக்கும்.

அன்று ஒரு மணிக்கு விரல் தன் வேலையைச் செய்தது. திரையில் திறந்திருந்தது பயிற்சி அமைப்பு அல்ல, கம்பெனியின் அமைப்பு.

இருபது நிமிடத்தில் எல்லாவற்றையும் திரும்ப எழுப்பினேன். என் கோப்பு அவ்வளவு சரியாக இருந்தது. கணினிகள் வந்தன, ஆட்கள் வரவில்லை. பெயர், போன் எண், சிம்பாங் எதுவும் கோப்பில் கிடையாது. பேக்கப்பை அதே அமைப்புக்குள் வைத்திருந்தேன். அதுவும் சேர்ந்து போயிற்று. தினமும் இடித்துப் பழகிய என் பயிற்சி அமைப்பில் ஒருநாளும் ஒரு மனிதரின் பெயர்கூட இருந்ததில்லை.

"பாக்டரியில லிஸ்ட் கேக்கலாம் முதலாளி" என்றேன்.

"கேட்டா விஷயம் தெரிஞ்சு நாளைக்கே கான்டிராக்ட் போச்சு. மூணு வருஷம் அழிக்கவாடா படிச்ச? போ, என் முன்னாடி நிக்காத."

போனேன். பின்னாலிருந்து ஹாரன் அடித்தது. மூன்று மணிக்கு ஷிப்டு முடிபவர்களை ஏற்றக் காலியாகப் போய்க்கொண்டிருந்த பஸ். ஓட்டும் அண்ணன் தலையை நீட்டினார்.

"சிலிப்பரோட எங்கடா மார்ச் பண்ற?"

"வேலை போச்சுண்ணே."

"முதலாளி போன் போட்டாரு. ஒன் வேலை கெடக்கட்டும். மத்த ரெண்டு பஸ்காரனுக்கும் ஆளுங்க மனப்பாடம். எனக்குப் பாதி புதுசு லா. நாளைக்கு இருட்டுல எந்த சிம்பாங்ல நிக்கிறது? ஏறு."

பாக்டரியில் பஸ் நின்றதும் அங்கே கிடந்த பெட்டியிலிருந்து ஓர் அட்டையைக் கிழித்துக்கொண்டேன். பெண்கள் ஏறினார்கள். ஒவ்வொருவரிடமும் பெயர், எண், இறங்குமிடம் கேட்டு அதில் எழுதினேன்.

"என்னா தம்பி, பொண்ணு பாக்கிறியா? வரிசையா நம்பர் கேக்கிற?" என்றார் முன்சீட்டு அக்கா. பஸ் சிரித்தது.

"மெசேஜ் வராதுக்கா. இன்னிக்கு நான் சொல்றதுதான் மெசேஜ்."

சிரிப்பு நின்றது. எல்லாரும் ஒழுங்காகச் சொன்னார்கள்; மறுநாள் பஸ் வரும் நேரத்தை அண்ணனிடம் கேட்டு நானும் சொன்னேன். முப்பது பெயர்.

"முப்பத்தொண்ணுடா" என்றார் அண்ணன்.

"அந்தப் புதுப் பொண்ணு" என்றார் அக்கா. "புள்ளைக்குக் காய்ச்சல், இன்னிக்கு லீவு. வந்து அஞ்சு நாள்தான் ஆகுது. நாளைக்கும் வரலன்னா வேலைய விட்டு எடுத்துருவாங்க. நம்பர் யார்கிட்டயும் இல்ல. சிடாம் கிரில எறங்கி, கடைக்கு எதிர் ரோட்டுல நடப்பா. அவ்வளவுதான் தெரியும்."

சிடாம் கிரியில் இறங்கினேன். ஆறு மணி ஆனதும் அந்தப் பெண் போனைப் பார்ப்பார், செய்தி இருக்காது, வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார். வீடு வீடாகக் கேட்டேன். ஐந்தே முக்காலுக்கு ஒரு வாடகை வீட்டைக் காட்டினார்கள். பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கமே நின்றார்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா. நீ யாரு? அவ புருஷன் அனுப்பினானா?"

"இல்லக்கா, பஸ் ஆளு."

"பஸ் எங்க?"

அட்டையைக் காட்டினேன். என் சிலிப்பரையும் பார்த்தார். அந்தப் பெண்ணின் எண்ணைக் கேட்டேன், தரவில்லை.

"வந்தா சொல்றேன். என்னான்னு?"

"காலையில அஞ்சு நாப்பது, கடைக்கு எதிர்ல. மெசேஜ் வரலன்னாலும் பஸ் வரும்."

கடை வாசலிலிருந்து முதலாளிக்கு போன் போட்டேன். முப்பது பேர் தெரியும், ஒருவர் தெரியாது என்றேன். கேட்டுவிட்டு அவர் சொன்னார்.

"கம்ப்யூட்டர்ல கை வைக்காத. நாளைக்கு அந்த அட்டையோட பஸ்ல நில்லு. ஆள் வரலன்னா எறங்கிப் போய்க் கூட்டிட்டு வா. கெலிண்டான் வேலை, செய்வியா?"

பதினேழு வயதில் மண் லோரியில் அந்த எடுபிடி வேலை பார்த்திருக்கிறேன். சரி என்றேன்.

மறுநாள் ஐந்து நாற்பதுக்குக் கடைக்கு எதிரில் யாரும் இல்லை. அண்ணன் எஞ்சினை அணைக்கவில்லை. இரண்டு நிமிடம் போயிற்று.

"பஞ்ச் கார்டு அடிக்க லேட்டாவும் தம்பி" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

நான் இறங்கி எதிர் ரோட்டில் ஓடினேன். வளைவில் ஒரு போன் வெளிச்சம் ஆடிக்கொண்டு வந்தது. கையில் சாப்பாட்டுப் பையோடு ஒரு பெண்.

"பக்கத்து வீட்டக்கா சொன்னாங்க. மெசேஜ் இல்லியா, நம்பறதா வேணாமான்னு நின்னுட்டேன்."

ஏற்றிவிட்டுப் பெயரையும் எண்ணையும் கேட்டேன். சொன்னார். எழுதிக்கொண்டேன். பிறகு கதவை இழுத்துச் சாத்தினேன், அதுவும் கெலிண்டானின் வேலை.