மாமாவின் வண்டிக்கு நான் செய்த வேலை

பல் தேய்ந்த மோட்டார் சைக்கிள் கிக்கருக்கென்று ஒரு சத்தம் உண்டு. மிதிக்கும்போது பாதி தூரம் பிடித்துக்கொண்டு வரும். பிறகு ‘கர்ரக்’ என்று வழுக்கிக் கீழே போய்விடும். மிதித்தவனுக்கு முழங்கால் அதிர்ந்து, கெட்ட வார்த்தை தானாக வாயில் வரும். கோரமண்டலில் என் அக்கா வீட்டுக்காரரின் வண்டியில் முதன்முதலாக அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. ஆண்டர்சன்பேட்டையில் ஒரு மோட்டார் பட்டறையில் ஃபிட்டர். என் கைவேலையின் மேல் எனக்கிருந்த திமிரைச் சொல்லி மாளாது.

மாமாவுக்கு அங்கே தங்க மைனில், அண்டர்கிரவுண்டில் வேலை. பாறை சரியாமல் இருக்க மரத்தால் முட்டுக் கொடுக்கிற வேலை. மைன் வெள்ளைக்காரர்களிடமிருந்து கைமாறிய சமயத்தில் கப்பலேறிய ஒரு துரை, தன்னிடம் பதினோரு வருஷம் வேலை செய்தவர் என்று தன் பழைய மோட்டார் சைக்கிளை மாமாவிடம் விட்டுப் போனார். மைன் ஆட்களின் வீடுகள் வரிசையாக இருந்த அந்த லைனில் மற்றவர்களிடம் சைக்கிள் இருந்தாலே பெரிய விஷயம். மாமா வண்டியை எடுத்தால், “துரை வராரு, வழி வுடுங்கடா!” என்று வாசலுக்கு வாசல் குரல் எழும்பும். மாமா இல்லாத தொப்பியைத் தொட்டு சலாம் வைத்துவிட்டுப் போவார். கிண்டலுக்குக் கோபப்படத் தெரியாத மனிதர் அவர்.

கியர்பாக்ஸைப் பிரித்தேன். கிக்கர் பிடிக்கிற பல்சக்கரத்தில் பல்லெல்லாம் மழுங்கிப் போயிருந்தது. மாற்றுச் சக்கரத்துக்குப் பெங்களூர் முழுக்க அலைந்தாலும் கிடைக்காது. ஒவ்வொரு பல்லுக்கும் வெல்டிங் வைத்து ஏற்றி, இரண்டு நாள் அரத்தால் சீவி, பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் நனைத்து மாட்டினேன். ஒரே மிதியில் வண்டி பிடித்துக்கொண்டது. மாமா என் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டார். “மச்சான், நாங்க கீழ வெட்டற தங்கத்துலயே உன் கைக்குக் காப்பு போடணும்டா!” நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு வருஷம் ஓடியிருக்கும். கிக்கர் திரும்பவும் வழுக்குகிறதாம். மாமா என்னிடம் சொல்லவில்லை. லைனில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். “மச்சான் போட்ட பல்லு நிக்கலப்பா” என்று அவர் சொன்னதை ஒருவர் பட்டறைக்கே வந்து என்னிடம் ஒப்பித்தார். எனக்குச் சுருக்கென்றது. நான் சீவிய பல்லாவது, ஒரு வருஷத்தில் தேய்வதாவது! ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு வேளைக்குப் பிறகு ஸ்பானர் பையைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போகிறவன் மாதிரிக் கோரமண்டலுக்குப் போனேன்.

வாசலில் நின்ற வண்டியை, மாமாவிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் மிதித்தேன். முதல் மிதியிலேயே பிடித்தது. அணைத்துவிட்டு மறுபடி மிதித்தேன், பிடித்தது. மூன்றாவது தடவையும் பிடித்தது. எதிர்வீட்டு ஆள், “இன்னா துரை, உங்க மச்சானுக்கு மட்டும் பயப்படுது வண்டி?” என்று சிரித்தார். நானும் சும்மா இருந்திருக்கலாம். விடவில்லை. “எங்கே, நீங்க மிதிங்க மாமா, பாக்கறேன்” என்றேன்.

மாமா எழுந்து வந்தார். எதிர்வீட்டு ஆள் உள்ளே போகிறவரை பெட்ரோல் டேங்கைத் துணியால் துடைத்துக்கொண்டு நின்றார். பிறகு காலைத் தூக்கி வைத்து மிதித்தார். லீவர் பாதி வரை இறங்கி நின்றது. அங்கிருந்து ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. அவர் கால்தான் நழுவித் தரைக்கு வந்தது. கர்ரக் சத்தம் கேட்கவே இல்லை. நான் லீவரைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவரைப் பார்த்தேன். இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து காற்றை இழுத்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு மிதிக்கு. கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது. மேல் சட்டை, வேறு யாரோ பெரிய ஆளிடம் இரவல் வாங்கியது போலத் தொங்கியது. வாராவாரம் பார்க்கிற மனிதர். இதை எப்படிப் பார்க்காமல் இருந்தேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

மூச்சு கொஞ்சம் அடங்கியதும் வீட்டு வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். “பாத்தியா மச்சான், ஸ்லிப் ஆவுது” என்றார்.

“ஆமா மாமா,” என்றேன். “பல்லு தேஞ்சுதான் போச்சு.”

அந்த ஊரில் பிறந்தவனுக்கு அந்த மூச்சு என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டாம். கல்தூசு நெஞ்சில் ஏறி உட்கார்ந்துவிட்டது. டாக்டர் நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்துத் தகுதியில்லை என்று எழுதிவிட்டால் கீழே இறங்க முடியாது. வேலை இல்லாதவருக்கு லைன் வீடும் இல்லை. நடந்தோ சைக்கிளிலோ போனால், ஷாஃப்ட் வாசலில், ஆட்களைக் கீழே இறக்கும் கேஜுக்கு நிற்கும்போது இரைக்கும், மேஸ்திரி பார்த்துவிடுவார், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். வண்டியில் போனால் மற்றவர்களைப் போல வாயை மூடிக்கொண்டு நிற்கலாம். திரும்பும்போது கவலையில்லை, ஷாஃப்டிலிருந்து இறக்கம், உருட்டிவிட்டாலே வண்டி பிடித்துக்கொள்ளும். காலையில் வீட்டிலிருந்து கிளம்புவதுதான் பாடு. இவ்வளவையும் மாமா எனக்கு விளக்கவில்லை. “ரெண்டு வருஷம் மச்சான். பெரியவ பத்தாவது முடிச்சிடட்டும். அக்காவுக்கு மட்டும்…” என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

வண்டியைப் பட்டறைக்குத் தள்ளிப் போனேன். கிக்கரைத் தொடவே இல்லை. சிலிண்டரைக் கழற்றி, அதற்கு அடியில் அலுமினியத் தகடு ஒன்றை வெட்டி வைத்து மாட்டினேன். அப்படிச் செய்தால் எஞ்சினுக்குள் அழுத்தம் குறையும். வண்டியின் வேகம் போய்விடும். ஆனால் மிதிக்கும்போது எதிர்த்து நிற்காது. கையாலேயே லீவரை அமுக்கிப் பார்த்தேன். போதவில்லை என்று பிரித்து இன்னொரு தகடு வைத்தேன். நல்ல எஞ்சினை நானே கெடுத்துக்கொண்டிருந்தேன். பட்டறை முதலாளி ‘யார் வண்டிடா இது?’ என்று கேட்டதற்கு வாயில் வந்த பெயரைச் சொன்னேன். புதுப் பல் போட்டாயிற்று என்று ஊரெல்லாம் சொன்னேன். அடுத்த வாரம் மாமா, “இப்ப நல்லா புடிக்குது மச்சான், கொழந்தைகூட மிதிக்கலாம்” என்றார். எனக்கு எவ்வளவு சந்தோஷம்! மடையன் நான்.

மாமா இரண்டு வருஷம் இழுத்துப் பிடித்து வேலைக்குப் போனார். பெரியவள் பத்தாவது தேறினாள். அந்த மழைக்காலத்திலேயே மாமா ஆஸ்பத்திரியில் இறந்தார். கடைசிப் பத்து நாளும் படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே இருந்தார். காரியம் முடிந்த கையோடு வீட்டைக் காலி செய்து, அக்காவும் பிள்ளைகளும் ஆண்டர்சன்பேட்டைக்கு என்னிடம் வந்தார்கள். அன்றிலிருந்து ஒரே எண்ணம் என்னைத் தின்றது. அந்த ஞாயிற்றுக்கிழமையே அக்காவிடம் போய், ‘கிக்கருக்கு ஒன்றுமில்லை, மாமாவுக்குத்தான்’ என்று சொல்லியிருந்தால்? இரண்டு வருஷத் தூசு அவர் நெஞ்சுக்குள் போயிருக்காதே. என் தகடு அல்லவா அவரை நாள் தவறாமல் கீழே இறக்கியது?

இப்போது மைனும் மூடியாகிவிட்டது. கோரமண்டலில் அந்த லைனில் பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை. ஆட்கள் விடிவதற்குள் பெங்களூர் ரயிலுக்கு ஓடுகிறார்கள். போன வருஷம் ஒரு நாள் மத்தியானம், அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, அடக்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பல் தேயவில்லை, நான் பொய் சொன்னேன், தகடு வைத்தேன் என்று. அவள் என்னை வைது தீர்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கீரையிலிருந்து கையை எடுக்காமல், “நீ தகடு வெச்சதுக்கு அப்புறமும் அவரால மிதிக்க முடியலடா தம்பி” என்றாள்.

“அப்புறம் எப்படிக்கா போனாரு?”

“லைனுக்குப் பின்னால வரைக்கும் தள்ளிக்கினு போவாரு. நான் தண்ணிக்குப் போற மாதிரி குடத்தத் தூக்கிக்கினு பின்னாலயே போவேன். அங்க யாரும் இருக்க மாட்டாங்க.” ஆய்ந்த கீரையை ஓரமாக ஒதுக்கினாள். பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். “நீ லேசு பண்ணிக் குடுத்தே பாரு, அது எனக்குத்தான் சுளுவா இருந்துச்சு. ரெண்டு வருஷம், தெனம் காலையில நானே ஸ்டார்ட் பண்ணி அனுப்பி வெச்சேன்டா.”