காலி வேகன்

சிவகாசியில் தெருவுக்குத் தெரு அச்சாபீஸ்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. காகிதமெல்லாம் ரயிலில்தான் வரும். கூட்ஸ் ஷெட்டில் அப்பா லோடுமேன். வடக்கேயிருந்து வேகனில் வரும் காகிதச் சுருள்களை இறக்கி லாரியில் ஏற்றுவது வேலை. அம்மா விடியுமுன்னே தீப்பெட்டிக் கம்பெனி பஸ்ஸில் நாரணாபுரம் போய்விடுவாள். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நான் ஷெட்டின் ஓரத்தில் கிடப்பேன். காலண்டர் சீசனில் எல்லோருக்கும் அவசரம். பொழுது முழுக்க யாரும் என்னோடு ஒரு வார்த்தை பேசாத நாட்கள் உண்டு.

ஒருநாள் மத்தியானம், வெயிலுக்கு ஒதுங்கி, சரக்கு இறக்கிய வேகன் ஒன்றில் ஏறிப் படுத்தேன். உள்ளே கிழிந்த காகிதம் மெத்தைபோலக் கிடந்தது. தூங்கிப்போனேன். விழித்தபோது வேகன் ஓடிக்கொண்டிருந்தது. பாதி திறந்த கதவு வழியே பருத்திக்காடுகளும் கம்பெனிக் கூரைகளும் பின்னால் போயின. கத்தினேன். சக்கரச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அழுது ஓய்ந்த பிறகு ஓர் எண்ணம் வந்தது. இந்நேரம் ஷெட்டில் வேலை நின்றிருக்கும். அப்பா என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டபடி தண்டவாளத்தில் ஓடிவருவார். ஆள் அனுப்பி அம்மாவையும் வரவழைத்திருப்பார்கள். அத்தனை பேர் என்னைத் தேடுகிறார்கள் என்பது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

விருதுநகரில் கூட்ஸ் வண்டியின் கார்டு என்னைப் பார்த்து இறக்கினார். டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து, சாயங்கால பாசஞ்சரில் அவரே கூட்டிக்கொண்டு வந்தார்.

ஷெட்டில் வேலை நடந்துகொண்டிருந்தது. அப்பா சுருளை உருட்டியபடியே என்னைப் பார்த்து, பசிக்கிறதா என்று கேட்டார். கார்டு நடந்ததைச் சொன்னதும் அப்பாவின் கை நின்றுபோனது.

“வீட்டுக்குப் போயிருப்பாள்னுல்ல நெனைச்சேன்,” என்றார் கார்டிடம். பிறகு அதையே என்னிடமும் சொன்னார்.

பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அம்மா, நடந்ததைக் கேட்டும் அடிக்கவில்லை, திட்டவில்லை. என் தலைமுடியில் ஒட்டியிருந்த காகிதத் துணுக்குகளை எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

“இனிமே அங்கன தனியாக் கெடக்க வேண்டாம்த்தா. எங்கூடக் கம்பெனிக்கு வந்துரு.”

“லீவு நாளைக்கு மட்டுமாம்மா?”

“எல்லா நாளும்தான்.”

எல்லா நாளும் அம்மா பக்கத்தில். தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் ஓடி ஓடிச் சொன்னேன்.

மறுநாள் இருட்டோடு பஸ் ஏறினோம். என் வயசுப் பிள்ளைகள் நிறையப் பேர் அதில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் அம்மா மடியில் உட்கார்ந்திருந்தேன். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சேலையில் ஒட்டிய தீக்குச்சி மருந்தின் நெடி என்று நினைத்தேன். பஸ் அப்போதுதான் எங்கள் பள்ளிக்கூடத்தைக் கடந்துகொண்டிருந்தது.