மாடி கொடுத்த மகராசர்கள்

அடுத்தவர் மொட்டை மாடியும் அடுத்தவர் கரண்டும் இல்லாமல் நடக்காத தொழில் எங்களுடையது. எண்பதுகளின் கடைசியில், ஒரு தனியார் ஆய்வுக்கூடத்துக்காக அம்பத்தூர்ப் பக்கம் காற்றிலுள்ள தூசியை அளந்துகொண்டிருந்தேன். புறாக்கூண்டு மாதிரி ஒரு மெஷின். உள்ளே வெள்ளைத் தாள். ஒரு நாள் முழுக்கக் காற்றை இழுத்தால் தூசி தாளில் படியும். அதே காற்றைக் குடித்து வளர்ந்த உங்களுக்குத் தாள் எதற்கு, மூக்கைத் துடைத்த கைக்குட்டையே போதுமே!

கன்னியம்மா வீட்டு மாடி

தொழிற்பேட்டையின் பின்தெருவில் எல்லோரும் கதவைச் சாத்த, கன்னியம்மா மட்டும் மாடிச் சாவியைக் கொடுத்தார். அவர் கணவர் முனுசாமிக்குப் பக்கத்து ஃபவுண்டரியில் இரும்பு உருக்கும் வேலை.

ராத்திரியெல்லாம் மெஷின் போட்ட சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு, காலையில் டீயும் தந்தார்கள். தாள் தார் பூசினாற்போல் இருந்தது. இருமிக்கொண்டே எட்டிப் பார்த்த முனுசாமிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"இத்த காட்டி கம்பெனிய மூட வச்சிடாத அண்ணாத்தே. பசங்க படிச்சிகினு கீதுங்க."

வெள்ளைத் தாள்

அடுத்த வருடமும் அதே மாடிதான். ஆர்டர் இல்லாமல் ஃபவுண்டரி மூடிக் கிடந்தது. தாள் வைத்தபடியே வெள்ளையாக வந்தது. அப்படியொரு தாளை நான் பார்த்ததே இல்லை. குஷியில் துள்ளிக்கொண்டு இறங்கிவந்து கன்னியம்மாவிடம் காட்டினேன். அவர் பாலில்லாத டீயை என் கையில் கொடுத்தார்.

"காத்து சுத்தமா கீதுன்னு குதிக்காத நைனா. எங்க ஊட்டு அடுப்பும் அப்டித்தான் சுத்தமா கீது."

தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். அந்த நிலைமையிலும் எனக்கொரு டம்ளர் போட்டார்களே!

மூட்டையில் புகை

தொண்ணூறுகளில் வெளிநாட்டு ஆர்டர் வந்து ஃபவுண்டரி திறந்தது. புகையை வடிகட்டினால்தான் சரக்கு எடுப்போம் என்று வாங்குகிறவர்கள் சொல்லிவிட்டார்களாம். புகைபோக்கிக்குக் கீழே தூசி பிடிக்கும் பைகள் கட்டினார்கள். அவற்றைக் காலி செய்யும் வேலை முனுசாமிக்கு.

மறுபடி அதே மாடியில் மெஷினை வைத்தேன்; மூன்று ஷிப்டும் ஓடுகிறது, தாள் கறுத்துத்தான் வரும் என்று நினைத்தேன். லேசான சாம்பல் நிறத்தில் வந்தது. முனுசாமி அதை விரலால் தடவிப் பார்த்தார்; பழைய இருமல் முழுசாக விடவில்லை, ஆனால் சிரித்தார்.

"தெனமும் மூட்ட மூட்டயா அள்றேன் அண்ணாத்தே. இத்தினி நாளா இதெல்லாம் எங்க போய்கினு இருந்திச்சுன்னு நெனச்சாத்தான் இருமலு வருது."

வளர்ச்சியையும் புகையையும் ஒரே மூச்சில் இழுத்துக்கொண்டு, என் பிழைப்புக்கும் மாடிக் கதவைத் திறந்துவிட்ட அந்த இருவருக்கு நன்றி சொல்ல ஆய்வறிக்கையில் இடமில்லாததால் இங்கே சொல்லிவிட்டேன்.