ஜப்பான் மொழி தெரியும் என்று சொன்னவள்

எனக்கு ஜப்பான் மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. தெரியும் என்று யாரிடமும் நானாகப் போய்ச் சொன்னதும் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பாரிஸில் எங்கள் சனத்தின் கடைகள் இருக்கும் லா சப்பலில் நான் மரக்கறி வாங்கப் போனால், "இவதான் ஜப்பான் தெரியும் எண்டு பொய் சொல்லி அந்தக் கார்ட்டூனைக் கெடுத்தவ" என்று என் காதில் விழும்படி சொல்ல இன்றைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்தது போர்த்துகீசம். அதுவும் படித்துத் தெரிந்ததல்ல. பதின்மூன்று வருடமாக அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவாக்கும் வேலை செய்கிறேன். நான் இருக்கும் வில்லியே லே பெல்லிலிருந்து முதல் பஸ்ஸையும் பிறகு ரயிலையும் பிடித்துப் போவேன். என் குழுவில் என்னைத் தவிர எல்லாரும் போர்த்துகீசப் பெண்கள். வேலையைப் பிரெஞ்சில் சொல்லுவார்கள், புறணியைப் போர்த்துகீசத்தில் கதைப்பார்கள். பக்கத்தில் நடக்கும் புறணி விளங்காமல் ஒரு மனிசி எவ்வளவு காலம் இருக்க முடியும்? மூன்றாம் வருடம் விளங்கத் தொடங்கியது. ஐந்தாம் வருடம் நானும் சேர்ந்து கதைத்தேன்.

ரூ லூயி-பிளாங்கில் ஒரு தொலைபேசிக் கடைக்குக் கீழே, நிலவறையில், இணையத்தில் ஓடும் ஒரு சின்னத் தமிழ்த் தொலைக்காட்சி இருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன். அதை நடத்துபவரை எல்லாரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் தொடரைத் தமிழில் போட உரிமை எடுத்தார். ஐம்பத்திரண்டு பாகம். ஆனால் இடையில் நின்ற கம்பனி அவருக்குக் கொடுத்தது போர்த்துகீசத் தொலைக்காட்சிக்காகச் செய்த பதிப்பு. படம், இசை, போர்த்துகீசப் பேச்சு, அவ்வளவுதான். வசனம் எழுதிய தாள் இல்லை. கேட்டு எடுக்க மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். அண்ணைக்கு அந்தப் பொறுமை இல்லை. கடை வாசலில் என்னைப் பிடித்தார்.

"தங்கச்சி, உங்களுக்குப் போர்த்துகீசம் விளங்குமாமே?"

"தும்புத்தடி, வாளி, ஆர் ஆரோடை ஓடினவ... இவ்வளவும் விளங்கும் அண்ணை."

"கார்ட்டூனுக்கு அது காணும்."

அப்படித்தான் போனேன். கதை, காணாமற்போன அக்காவைத் தேடி மலைமலையாக அலையும் பத்து வயதுப் பையனைப் பற்றியது. அவனை ஒரு ஒற்றைக்கண் படைத்தலைவன் துரத்துகிறான். பையனுக்குக் குரல் கொடுக்க உணவகங்களில் வேலை செய்யும் மூன்று பேரைக் கூட்டி வந்து பார்த்தார்கள். மூன்றும் தொண்டை கட்டின ஆடு மாதிரி இருந்தது. "இப்பிடிச் சொல்லவேணும்" என்று காட்ட நான் ஒரு வரி சொன்னேன். அண்ணை கையைத் தட்டினார். அன்றிலிருந்து பையன் நான்தான். நாற்பத்தாறு வயதில்.

என்னோடு ஒரு பிள்ளை இருந்தாள். பிள்ளை என்றால் முப்பது வயது. மார்க்ஸ் டோர்மோயில் ஒரு அறையில் வாடகைக்கு இருந்தாள். அவள் பிரான்சுக்கு வந்த காலத்தில் அவளுடைய விசா அலுவலுக்கு அலுவலகம் அலுவலகமாகக் கூட்டிக்கொண்டு திரிந்தவள் நான். தொலைக்காட்சிக்கும் நான்தான் கூட்டிப் போனேன். காணாமற்போன அக்காவின் குரல் அவள். அதைவிடப் பெரிய வேலையும் செய்தாள். நான் போர்த்துகீசத்தைக் கேட்டு, நிறுத்தி, தமிழில் சொல்லச் சொல்ல, அவள் பக்கத்திலிருந்து கொப்பியில் எழுதினாள். ஒவ்வொரு வரியும் எங்கேயிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். இதை மறக்க வேண்டாம்.

சனி, ஞாயிறு பின்னேரங்களில் ஒலிப்பதிவு. ஒரே ஒரு மைக். சுவரெல்லாம் பழைய போர்வைகள். காப்பைக் கழற்றி, செருப்பைக் கழற்றி, வரி வருகிறவர் முன்னுக்குப் போய்ச் சொல்லிவிட்டுப் பின்னுக்கு வரவேண்டும். வசனம் சுலபம். கஷ்டம் மூச்சும் கத்தலும். பையன் ஓடினால் நான் நின்ற இடத்தில் ஓடவேண்டும். விழுந்தால் என் வயிற்றில் நானே குத்திக்கொள்வேன். அவன் அழும்போது நான் உண்மையாகவே அழுதிருக்கிறேன். காரணம் சொல்ல மாட்டேன். எங்களுக்கு அழக் காரணமா இல்லை?

ஏழாம் பாகத்தில், மலை உச்சியில் சண்டை தொடங்கப்போகும் நேரம், ஒற்றைக்கண்ணன் வாளை உருவிவிட்டு ஒரு வரி சொல்லுவான். போர்த்துகீசத்தில் அது, பொறு, அடுப்பில் உப்பு மீன் கிடக்கிறது, நிப்பாட்டிவிட்டு வருகிறேன் என்பது. நான் கேட்டபடி சொன்னேன். தமிழில், "பொறடா, அடுப்பிலை கருவாடு கிடக்கு, நிப்பாட்டிப்போட்டு வாறன்" என்று போனது. கீழே எல்லாரும் விழுந்து சிரித்தோம். ஜப்பான்காரனும் எங்களை மாதிரித்தான் போல என்று அண்ணை சொன்னார்.

திங்கட்கிழமை வேலையில் எங்கள் குழுத் தலைவியிடம் இதைச் சொன்னேன். தும்புத்தடியைப் பிடித்துக்கொண்டு அவளும் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "அது ஜப்பான்காரன் சொன்னதில்லை. எங்கள் நடிகர்கள் ஒலிப்பதிவில் தாங்களாகச் சேர்த்தது. எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தத் தொடரில் பாதி அவர்களின் பகிடிதான்."

அந்தச் சனியே அண்ணையிடம் சொன்னேன். அந்தப் பிள்ளையும் கொப்பியோடு பக்கத்தில் இருந்தாள்.

"அண்ணை, இது ஜப்பான் கதையில்லை. போர்த்துகீசர் தங்கட பாட்டுக்குக் கதைச்சது. மூலத்தைப் பாக்கவேணும்."

"ஆர் தங்கச்சி பாக்கப்போயினம்? எங்கட சனம் சிரிக்குது. விடுங்கோ. இன்னும் கொஞ்சம் போட்டாலும் பிழையில்லை."

நான் விட்டேன். அது என் பிழை. அதோடு நிற்கவில்லை, நானும் போட்டேன். போர்த்துகீசர் காற்பந்தைப் பற்றிச் சொன்னதை, ரயில் வேலைநிறுத்தம் என்று மாற்றினேன். தொடர் ஓடியது. லா சப்பலில் ஒரு கடையில், தாய் எது கேட்டாலும் பிரெஞ்சில் பதில் சொல்லும் ஒரு பெடியன், தாய் "வாடா வீட்டை" என்று இழுக்க, "பொறடா, அடுப்பிலை கருவாடு கிடக்கு" என்று நல்ல தமிழில் சொன்னான். தாய் என்னைப் பார்த்து, "அக்கா, இவன் தமிழிலை வாயைத் திறந்ததே உங்கட கார்ட்டூனாலைதான்" என்றாள். எனக்கு இந்த நாட்டில் கிடைத்த ஒரே பட்டம் அதுதான்.

நாற்பத்தாறாம் பாகம் போன பிறகு, தமிழ்நாட்டிலிருந்து இங்கே வேலைக்கு வந்த ஒரு இளைஞர் எங்கள் தொலைக்காட்சியின் இணையப் பக்கத்தின் கீழே எழுதினார்: "ஏங்க, யாரு இத டிரான்ஸ்லேட் பண்ணது? ஒரிஜினல்ல அவன் கருவாடுனு சொல்லவே இல்ல. இந்த மலையிலதான் என் தம்பி செத்தான்னு சொல்றான். அத எடுத்துட்டா கதையே இல்லையே." அதை அவர் உரிமை வைத்திருக்கும் கம்பனிக்கும் அனுப்பியிருந்தார். அவரில் எனக்குக் கோபமில்லை. அவர் சொன்னது சரி. ஒரு மனிசன் செத்த தம்பியை நினைக்கும் இடத்தில் நாங்கள் கருவாடு போட்டிருந்தோம்.

கம்பனியிலிருந்து பாரிஸ் ஆள் ஒருவர் கூப்பிட்டார். அண்ணை, நான், அந்தப் பிள்ளை மூன்று பேரும் போனோம். படியேறும்போது அண்ணை சொன்னார்: "உள்ளுக்கை நான் கதைக்கிறன். நான் என்ன சொன்னாலும் ஓம் எண்டு மட்டும் சொல்லுங்கோ. மிச்சத்தை வெளியிலை வந்து கதைப்பம்."

இது எங்களுக்குப் புதிதில்லை. அகதி விண்ணப்பக் காலத்திலிருந்தே இருக்கும் பழக்கம். மேசைக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரன் இருந்தால், இந்தப் பக்கம் ஒரு கதைதான் இருக்கவேண்டும். மொழிபெயர்க்க வந்தவர் பிறந்த திகதியைப் பிழையாகச் சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டு, வெளியில் வந்துதான் சண்டை பிடிப்போம். இரண்டு கதை வந்தால் எல்லாரும் கெட்டோம் என்ற பயம். எங்கள் ஆளை அந்நியனுக்கு முன் விட்டுக்கொடுக்கக் கூடாது. அந்தப் பிள்ளைக்கே நான் இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

அந்த ஆள் கோப்பைத் திறந்து, யார் மொழிபெயர்த்தது என்று கேட்டார். அண்ணை என் பக்கம் கையைக் காட்டினார்.

"இந்த அம்மா தனக்கு ஜப்பான் மொழி தெரியும், மூலத்தைப் பார்த்தே எழுதுகிறேன் என்றார். நாங்கள் நம்பினோம். ஏமாந்துவிட்டோம்."

பிரெஞ்சில் சொன்னார். நல்ல பிரெஞ்சு. ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. அவர் அதை முன்பே சொல்லிப் பார்த்திருக்கவேண்டும்.

"அப்படியா, மேடம்?" என்று அந்த ஆள் என்னைக் கேட்டார்.

அண்ணை மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிள்ளையைப் பார்த்தேன். உண்மை தெரிந்த மற்ற ஆள் அவள்தான். கொப்பியும் அவள் பையில்தான் இருந்தது. அவள் தலையை மெல்ல ஆட்டினாள். ஓம் எண்டு சொல்லுங்கோ என்று.

"உய்" என்றேன். ஓம், நான்தான் சொன்னேன். அந்த ஆள் எழுதிக்கொண்டார்.

வெளியில் வந்தோம். "தொடரைக் காப்பாத்திப்போட்டியள் தங்கச்சி. பிறகு ஆறுதலாய்க் கதைப்பம்" என்று அண்ணை சிகரெட்டைப் பற்றவைத்தார். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அவரே கமராவுக்கு முன்னால் இருந்து, மொழிபெயர்ப்பாளர் தன் தகுதியைப் பற்றிப் பொய் சொன்னதால் தவறுகள் நடந்துவிட்டன, அவர் நீக்கப்பட்டுவிட்டார், கம்பனி தந்த பிரெஞ்சு வசனத்திலிருந்து தமிழாக்கிக் கடைசி ஆறு பாகமும் வரும் என்று வாசித்தார்.

நான் அந்த அறிவித்தலைப் பார்க்கவில்லை. அந்த நேரம் பஸ்ஸில் இருந்தேன். சனிக்கிழமை வழக்கம்போல ரூ லூயி-பிளாங்குக்குப் போனேன். தொலைபேசிக் கடைப் பெடியன்கள் என்னைக் கண்டு சட்டென்று கதையை நிறுத்தினார்கள். படியில் பாதி இறங்கியபோது கீழேயிருந்து என் பையனின் குரல் கேட்டது. "அக்கா, எங்கை நிக்கிறாய்? நான் வந்திட்டன்." வேறு வாய். ஆனால் நான் இழுக்கிற இடத்தில் இழுத்து, நான் மூச்செடுக்கிற இடத்தில் மூச்செடுத்து. நாற்பத்தாறு பாகம் பக்கத்தில் நின்று அந்தப் பிள்ளை எழுதியது கொப்பியில் மட்டுமில்லை. நான் கீழே போகவில்லை. கத்தவும் இல்லை. ஏறிவந்து ரயிலைப் பிடித்தேன். அந்த நேரம் கத்தாமல் விட்டதற்கு இன்றைக்கும் என்னையே ஏசுகிறேன்.

மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு மத்தியானம் அவள் வில்லியே லே பெல்லுக்கு வந்தாள். கையில் ஒரு பெட்டி மீன் ரோல்ஸ். நான் கதிரை காட்டவில்லை, அவளாகவே இருந்தாள்.

"அக்கா, கோவமே?"

"இல்லை. சந்தோசத்திலை ஆடிக்கொண்டிருக்கிறன். என்ன விசயம்?"

"கடைசிப் பாகத்திலை அவன் அக்காவைக் கண்டுபிடிச்சிட்டுக் கத்தி அழுறான். எனக்கு வருகுதில்லை. பத்துத் தரம் செய்திட்டன், பூனை மாதிரி இருக்கு. அண்ணை கேட்கச் சொன்னவர்... நீங்கள் வந்து அந்த அழுகையை மட்டும் தந்திட்டுப் போங்கோவன். கத்தலும் அழுகையும்தானே. அதிலை மொழி இல்லையே. பேரும் போட மாட்டினம். ஒருத்தருக்கும் தெரியாது."

என் சொல் வேண்டாம், என் பெயர் வேண்டாம், என் அழுகை மட்டும் வேண்டுமாம்.

"வாறன். ஆனால் அண்ணை அதே கமராவிலை இருந்து, போர்த்துகீசம் எண்டு தனக்கு முதல் நாளே தெரியும் எண்டு சொல்லட்டும். கொப்பி உன்னட்டை இருக்குத்தானே. அதையும் காட்டு."

அவள் ரோல்ஸ் பெட்டியின் நூலை அவிழ்த்துக் கட்டினாள். "அவர் ஒத்துக்கொள்ள மாட்டார் அக்கா."

"நீ?"

"எனக்கு இப்பத்தான் ஒரு இடம் கிடைச்சிருக்கு..." பிறகு, அவளுக்கும் கோபம் வந்திருக்கவேண்டும், சொன்னாள்: "எண்டாலும் நீங்கள்தானே உய் எண்டு சொன்னனீங்கள். ஒருத்தரும் உங்கட வாயைப் பிடிச்சுச் சொல்லச் சொல்லேல்லையே."

அது உண்மை. அதுதான் தாங்க முடியாதது. அண்ணை என்னை விற்றது ஒரு தொழிலுக்காக. அவருக்கு நான் தும்புத்தடி பிடிக்கும் ஒரு மனிசி, அவ்வளவுதான். ஆனால் இவள், எந்தப் பயத்தினால் நான் அந்த ஒரு சொல்லைச் சொன்னேன் என்று தெரிந்தவள். அந்தப் பயத்தை நான்தான் அவளுக்குப் பழக்கினேன். அதை எடுத்து என் முகத்திலேயே எறிந்தாள்.

"எழும்பு. ரோல்ஸையும் கொண்டு போ" என்றேன்.

போனாள். படியில் அழுதாள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். அழட்டும். அந்த அழுகையைக் கொண்டுபோய் மைக்கில் விடட்டும்.

கடைசிப் பாகம் ஒரு ஞாயிறு பின்னேரம் போனது. பார்ப்பதில்லை என்று இருந்தேன், பார்த்தேன். வசனம் நல்ல வசனம், ஒப்புக்கொள்கிறேன். ஒற்றைக்கண்ணன் தம்பியைப் பற்றிச் சொன்னான். கருவாடு இல்லை. பையன் கடைசி மலையில் ஏறி, கிணற்றடியில் நிற்கும் அக்காவைக் கண்டான். "அக்கா" என்று அவள் என்னைப் போலவே சொன்னாள். பிறகு அவன் வாய் திறந்தது. அழுகை வந்தது.

அது அவளுடைய அழுகை இல்லை, என்னுடையதும் இல்லை. போர்த்துகீசப் பதிப்பிலிருந்து அந்தத் துண்டை அப்படியே வெட்டி ஒட்டியிருந்தார்கள். பார்த்தவர்களுக்குத் தெரிந்திராது. எனக்குத் தெரியும். ஒரு வருடம் காதில் மாட்டிக் கேட்ட குரல். லிஸ்பனிலோ எங்கேயோ ஒரு பெண், எந்தக் காலத்திலோ, ஒரு மைக்குக்கு முன்னால் நின்று, தன் வயிற்றில் குத்திக்கொண்டு அழுதிருக்கிறாள். அந்த அழுகையை எடுக்க அவளிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.