வீட்டுக்குள் ஒரு புகார்ப் பிரிவு

என் மனைவி பன்னிரண்டு வருடமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறாள். எங்கள் சந்தில் வேனை நுழைத்தால் இரண்டு பக்கமும் கை வைக்க இடமிருக்காது. அதற்குள் ரிவர்ஸிலேயே வந்து ஒரு கீறல் விழாமல் நிறுத்துவாள். ஹாரன் மட்டும் அடிக்க மாட்டாள். "கத்துறதுக்குப் பதிலா அரை நிமிஷம் நின்னா தானா வழி விடறாங்க" என்பாள். பிள்ளைகள் அவள் வண்டிக்கு 'ஊமை வேன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

வாயால் பிழைப்பவன் நான். குடிநீர் அலுவலகத்தில் தொலைபேசிப் புகார்ப் பிரிவு. திட்டிக்கொண்டே வருகிறவருக்கு நாங்கள் உடனே பதில் சொல்லக் கூடாது. அவர் சொன்னதையே அவரைவிட நன்றாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். "மூணு நாளா தண்ணி வரல, வீட்ல வயசானவங்க இருக்காங்க, யாரும் எட்டிக்கூடப் பாக்கல. அதானே சார் உங்க வருத்தம்?" "ஆமா." இப்படி மூன்று 'ஆமா' வாங்கிவிட்டால் ஆள் இறங்கி வந்துவிடுவார். பாதிப் பேர் தண்ணீர் வராமலே நன்றி சொல்லிவிட்டு வைப்பார்கள்.

கல்யாணமான புதிதில் நாங்கள் எலியும் பூனையுமாக இருந்தோம். அப்போது இந்த வித்தையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சண்டை வந்தால் முதலில் மற்றவர் பக்கத்தைச் சொல்ல வேண்டும். அவர் 'ஆமா' என்ற பிறகுதான் நம் பக்கம். கடைசியில் இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம். மின்விசிறி எனக்கு நான்கில் ஓட வேண்டும், அவளுக்கு இரண்டில். மூன்றில் ஓடியது, இருவருக்குமே தூக்கமில்லை. ஆனாலும் சொந்தத்தில் யார் முட்டிக்கொண்டாலும் எங்களிடம்தான் அனுப்பினார்கள்.

ஒரு வித்தியாசம் இருந்தது. என் பக்கத்தைச் சொல்லும்போது அவள் அதை நம்பிச் சொல்வாள். அவள் பக்கத்தைச் சொல்லும்போது நான் புகார்ப் பிரிவு வேலை பார்ப்பேன்.

அவளுக்கு முப்பத்தொன்பது முடிந்த புதிதில் நகரப் பேருந்துக்குப் பெண் ஓட்டுநர்கள் எடுப்பதாகத் தோழி ஒருத்தி சொன்னாள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆள் எடுப்பார்களாம். கனரக உரிமம் இவளிடம் எப்போதோ இருக்கிறது. வேனைச் சந்தில் போட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள். "என்னென்ன கேக்கறாங்கன்னு பாத்துச் சொல்லுங்க" என்று அறிவிப்பை என்னிடம் நீட்டினாள். பொடி எழுத்தைப் படிப்பது எங்கள் வீட்டில் என் வேலை.

உரிமம், அனுபவம், கண் பரிசோதனை, உயரம் எல்லாம் வாய்விட்டுப் படித்தேன். ஐந்தாவது வரி, விண்ணப்பிக்கும் நாளில் நாற்பது வயது முடிந்திருக்கக் கூடாது என்றது. அதைப் படிக்காமல் ஆறாவதுக்குப் போனேன்.

ஏன் என்று கேட்டால் வெட்கக்கேடு. அவள் விடியலில் டிப்போவுக்குப் போனால் சமையலும் மகளும் என் தலையில் விழும் என்பது ஒன்று. மற்றது பொறாமைதான். நாற்பது அடி வண்டியை அவள் திருப்பும்போது நான் நாற்காலியில் உட்கார்ந்து யாரோ ஒருவருடைய தண்ணீருக்கு 'ஆமா' வாங்கிக்கொண்டிருப்பேன்.

"பெரிய வண்டி ஓட்டணும், அது உன் ரொம்ப நாள் ஆசை. இவ்வளவு காலம் எங்களுக்காகவே ஓடிட்டே, இப்ப உனக்காக ஒண்ணு வேணும். அதானே?" என்றேன்.

"ஆமா" என்றாள். கண் கலங்கியிருந்தது.

பிறகு என் பக்கத்தை அவளே சொன்னாள். "பொண்ணு பெரிய பரீட்சை எழுதப்போற நேரம், வீட்ல ஆள் வேணும்னு பயப்படறீங்க. நியாயம்தான்."

இரண்டு வருடம் போகட்டும் என்றேன். ஆறு மாதம் என்றாள். நடுவில் ஒன்றேகால் வருடம் வந்தது. கணக்கு எனக்குத் தெரியும். ஒன்றேகால் வருடத்தில் அவளுக்கு நாற்பது தாண்டிவிடும். அவள் சந்தோஷமாக நாள்காட்டியில் குறித்துக்கொண்டாள்.

குறித்த நாளில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனாள். பதினொரு மணிக்கே திரும்பிவிட்டாள். "நாலு மாசம் தாண்டிடுச்சாம். கவுண்டர்ல இருந்த அம்மா பிறந்த தேதிய மட்டும் பாத்துட்டு ஃபைலைத் திருப்பிக் குடுத்துட்டாங்க" என்றாள். என் முகத்தைப் பார்த்தவள் பதறிப்போனாள். "நீங்க ஏன் இப்படி ஆயிட்டீங்க? ரெண்டு பேருக்கும்தான் தெரியல. பேசித்தானே முடிவெடுத்தோம்?"

'ஆமா' என்றேன். என் வாழ்நாளிலேயே கேவலமான 'ஆமா' அதுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் தங்கையும் தங்கை வீட்டுக்காரரும் வழக்கம்போல் முறைத்துக்கொண்டு வந்தார்கள். அவர் தன் அண்ணனுக்கு எதையோ வாக்குக் கொடுத்துவிட்டுத் தங்கையிடம் மறைத்திருக்கிறார். என் மனைவி நால்வருக்கும் தேநீர் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"எங்களைப் பாருங்க. அந்த பஸ் வேலை கைவிட்டுப் போச்சு. எனக்கு அழுகை வந்துச்சு, ஆனா இவர் மேல ஒரு துளி கோபம் வரலையே. ஏன்? இவர் எதையும் மனசுல வச்சுக்கிட்டுப் பேச மாட்டாரு."

தங்கை என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றேன். "நாப்பதுன்னு அன்னைக்கே தெரியும். அஞ்சாவது வரி. நான்தான் படிக்கல. தெரிஞ்சேதான் ரெண்டு வருஷம் கேட்டேன்."

தங்கை வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். என் மனைவி தன் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள்.

பாழாய்ப்போன பழக்கம் விடவில்லை. "உனக்கு இப்ப எப்படி இருக்கும்னா..." என்று ஆரம்பித்தேன்.

"வேணாம்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "இதை மட்டும் நீங்க சொல்லாதீங்க. நானே சொல்லிக்கறேன்."

நான்கு மாதமாகிறது. காலை ஆறரைக்கு வேனை எடுக்கிறாள், மாலையில் கொண்டுவந்து நிறுத்துகிறாள். பரீட்சை, பால், வேனுக்கு டயர் என்று எல்லாம் பேசுகிறாள். அதை மட்டும் இன்னும் சொல்லவில்லை.